தம்பி கல்யாணமும் என் இடது பக்கமும்

1

இன்று காலை ஏழு மணி. அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கிறது. சிவகாசியிலிருந்து தம்பி கதிரேசன் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான். ஒன்றின் கீழே 'புரூஃப் 1', இன்னொன்றின் கீழே 'புரூஃப் 2'. கூடவே ஒரு குரல் செய்தி.

"அக்கா, கல்யாணக் காலண்டர் ரெடி! ரெண்டுல எதுன்னு சொல்லு. சாயந்தரம் மிஷின்ல ஏத்திருவோம். சீக்கிரம் சொல்லுக்கா!"

நான் போட்ட கூச்சலில் மேல்வீட்டு ஜெர்மன் பெரியம்மா தரையைத் தட்டினார். தட்டட்டும்! என் தம்பிக்கு நாற்பத்து நான்கு வயதில் கல்யாணம் ஆகியிருக்கிறது. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மா ஏறாத வாசல் கிடையாது. 'இனி இவனுக்கு அவ்வளவுதான்' என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கைகழுவிய பிறகு, அவனே பேப்பர் வாங்கப் போன இடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்தான். இதற்குக் கூச்சல் போடாமல் வேறு எதற்குப் போடுவது?

எங்கள் பக்கத்து அச்சக வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் நடந்த வருஷம் மாப்பிள்ளை பெண் படத்தைப் போட்டு அடுத்த வருஷத்துக்கான தினசரிக் காலண்டர் அடித்து, சொந்தபந்தத்துக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கொடுப்போம். விருதுநகர் வத்தல் கமிஷன் கடையில் தொங்கும், காரியாபட்டி பலசரக்குக் கடையில் தொங்கும், யார் யார் வீட்டுச் சமையலறையிலோ தொங்கும். வருஷம் பூராவும் தாளைக் கிழிக்கிறவர்கள் எல்லாரும் உங்கள் முகத்தில்தான் விழிப்பார்கள்.

படம் தாலி கட்டும் நேரத்தில் எடுத்தது. பெண் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், தம்பி வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான், அவர்களுக்குப் பின்னால் நின்று நாத்தனார் முடிச்சுப் போடுகிறவள் நான். புரூஃப் ஒன்றில் என் இடது பக்கம் மார்பே இல்லாமல் தட்டையாக இருக்கிறது. புரூஃப் இரண்டில் வலது பக்கம் போலவே நிறைவாக இருக்கிறது. அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ரேவதி, நான் கேட்காமலே எனக்கு ஒன்று செய்து வைத்துவிட்டாள்.

அடேயப்பா, என்ன நேர்த்தி! இங்குள்ள டாக்டர்களுக்கு இரண்டு ஆபரேஷனில் வராத ஒன்றை அவள் கால் மணி நேரத்தில் கொண்டுவந்திருக்கிறாள். புரூஃப் இரண்டையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தோசை கருகியது.

எது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் ஆவணி மாதம் ஊரில் நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு இது பாதிதான் தெரியும்.

2

நான் செல்வராணி, வயது ஐம்பத்திரண்டு. என் கணவர் சிவகாசியில் ஆஃப்செட் மிஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். பயிற்சிக்கென்று ஆறு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அந்த ஆறு மாதம் இருபத்து நான்கு வருஷமாகிவிட்டது. நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மகள் நிலா இங்கேயே பிறந்தவள், பெர்லினில் படிக்கிறாள்.

பதினோரு வருஷத்துக்கு முன் எனக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. மார்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிலிக்கான் வைத்தார்கள். ஊருக்குப் போன் பண்ணி, "ஒரு கட்டி இருந்தது, எடுத்தாச்சு, இப்ப சரியாயிருச்சு" என்று மட்டும் சொன்னேன். அம்மா அழுதாள். அதற்கு மேல் அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் சேலைக்குள் இரண்டு பக்கமும் சரியாக இருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

சென்ற வருஷம் அந்தச் சிலிக்கானைச் சுற்றித் தோலுக்கடியில் சதை இறுகி, மார்பு கல்லாகிவிட்டது. ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். இன்சூரன்ஸ்காரர்கள் உடனே கடிதம் போட்டார்கள்: இது மருத்துவத் தேவையா, அழகுத் தேவையா? நான் பதில் எழுத, அவர்கள் பதிலுக்கு எழுத, இந்தப் போக்குவரத்திலேயே குளிர்காலம் முடிந்துவிட்டது.

நிலாவின் தமிழில் நெளிவு சுளிவு இருக்காது. மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைப்பாள். "அம்மா, ஏன் திரும்ப வைக்கணும்? எடுத்துரு. நீ நல்லாதான் இருப்ப" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "ஒனக்கென்னடி தெரியும்? தம்பி கல்யாணத்துல நான் மேடையில நிக்கணும்" என்று கத்தினேன். ஒரு மாதம் அவள் போனே எடுக்கவில்லை.

பங்குனியில் புதுசு வைத்தார்கள். மூன்றாவது வாரமே உள்ளே நீர் கோத்துக்கொண்டது. இரண்டு தடவை ஊசி போட்டு உறிஞ்சினார்கள். ஒருநாள் மார்பு காந்துகிறதே என்று ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, நம்மூரில் 'உடம்பு சுடுது' என்பது போலவே, "நான் சூடாக இருக்கிறேன்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அந்தப் பாஷையில் அதை ஒரு பெண் ஆணிடம் சொன்னால் விஷயமே வேறு, மோகத்தில் அழைப்பதாக அர்த்தம்! வரவேற்பில் இருந்த மனிதர் ஒரு தடவை தொண்டையைச் செருமினார். பிறகு மிகுந்த மரியாதையுடன், "அம்மா, எந்த இடம் என்று சொல்லுங்கள்" என்றார். இருபத்து நான்கு வருஷம் இருந்தும் இப்படி மானம் போகிறது.

ஆடியில் நீர் வற்றியது. விமானம் ஏறலாம் என்றார் டாக்டர். ஒரே ஒரு நிபந்தனை: அங்கே போய்ச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். சிவப்பு கோட்டைத் தாண்டினால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சிலிக்கானைச் சுற்றிக் கிருமி தங்கிவிட்டால் மருந்து அங்கே போய்ச் சேராது, வெளியே எடுத்தால்தான் உயிருக்கு நல்லது என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு, பட்டுச்சேலையை மடித்து வைக்க ஓடினேன்.

3

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை; நிலாவும் நானும் மட்டும் விருதுநகர் அம்மா வீட்டில் வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை. கல்யாணம் அடுத்த வெள்ளி. வீடு சும்மா ஜே ஜே என்றிருந்தது! அம்மாவுக்கு எழுபத்தாறு வயது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு கையில் வெற்றிலைக் கட்டு, மறு கையில் போன், "ஏலே, பந்தலுக்குச் சொல்லியாச்சா? இங்கன வாழைமரம், அங்கன சீரியல் செட்டு" என்று ஏவிக்கொண்டே இருந்தாள். பக்கத்துக் குடோனில் வத்தல் மூட்டை இறக்கும்போதெல்லாம் கல்யாண வீடு மொத்தமும் ஒரே நேரத்தில் தும்மியது. நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் என்னோடு சிரித்து எத்தனை நாளாகியிருந்தது!

ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது பார்த்தேன். இடது மார்பின் அடியில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு.

நான் அச்சகக்காரர் மகள். கோடு போடு என்றால் வெறும் கோடா போடுவேன்? வண்ணப் படம் அடிக்கும்போது நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, தாளின் ஓரங்களில் கூட்டல் குறி மாதிரி சின்னக் குறிகள் இருக்கும். வண்ணம் விலகினால் குறி காட்டிக்கொடுத்துவிடும். தம்பி மேஜையில் கிடந்த மார்க்கர் பேனாவை எடுத்துச் சிவப்பைச் சுற்றிக் கோடு போட்டு, மேலே கீழே வலது இடது என்று நான்கு குறிகளும் போட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது அச்சுப் பிளேட்டுக்குப் போகத் தயாரான லேபிள் மாதிரி இருந்தேன்.

திங்கள் காலையில் சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே வந்திருந்தது.

அப்போது நான் செய்ததை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. அப்பா காலத்தில் எங்கள் அச்சகத்தில் ஒரு திருட்டு வேலை நடக்கும். அவசர ஆர்டரில் வண்ணம் விலகிவிட்டால், பண்டல் கட்டுவதற்கு முன் குறி இருக்கும் ஓரத்தைக் கட்டிங் மிஷினில் ஒட்ட வெட்டிவிடுவார்கள். குறி இல்லாவிட்டால் விலகல் எவ்வளவு என்று யாரும் அளந்து காட்ட முடியாது. வாங்குகிறவன் படம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்று கண்ணைக் கசக்கிக்கொள்வான். அப்பா கத்துவார், ஆனால் லோடு போய்விடும்.

நான் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கோட்டை அழித்தேன். சிவப்புக்கு வெளியே கொஞ்சம் தாராளமாக இடம் விட்டுப் புதுக் கோடு போட்டேன். 'இப்போது தாண்டவில்லையே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமையும் அதே வேலை. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தேன். ஊர்ச் சனம் முழுக்கப் பார்க்கும் மேடையில் ஒரு பக்கம் இல்லாமல் நிற்பதா? வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கினால் போதும், அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்பதுதான் என் நினைப்பு.

போட்டோ எடுத்து ஜெர்மனி ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் பார்த்தேன். தனிமனித ரகசியப் பாதுகாப்பு விதிப்படி இப்படிப் படங்களை வாங்க மாட்டார்களாம். நேரில் வர வேண்டும், இல்லையென்றால் ஃபாக்ஸ் அனுப்பலாமாம். விருதுநகரில் எந்தக் கடையில் போய் என் மார்பை ஃபாக்ஸ் பண்ணச் சொல்வது?

4

புதன்கிழமை காலை, தைத்து வந்த கல்யாண ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கை தூக்கினால் சுளீரென்று வலி. பின் கொக்கி மாட்டப் பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன்.

பேச்சிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், ஆமத்தூர்க்காரி. அவள் வீட்டுக்காரர் எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிறார். அவள் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் ஷெட்டுக்குப் பொறுப்பு. தீபாவளி சீசன் உச்சத்தில் லீவு கிடைப்பதே அரிது. "எங்க வீட்டுக்காரர் முதலாளி கல்யாணத்துக்கு இல்லாத லீவு எதுக்கு?" என்று சண்டை போட்டு ஒரு வாரம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அலுமினியப் பொடி ஏறி ஏறி நகக்கண் எல்லாம் வெள்ளியாக மின்னும். வீட்டுக்குள் நுழைந்தால் அவள் வாய் ஓயாது.

"அக்கா, என்ன இம்புட்டு இறுக்கமாத் தச்சிருக்கான் அந்த டெய்லரு? மூச்சு விட இடம் வைக்கலையே" என்று கொக்கியை மாட்டிக்கொண்டே வந்தவள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். ஜாக்கெட்டை விலக்கிவிட்டு, புறங்கையை என் விலாவில் வைத்தாள்.

"என்னக்கா இது, இப்பிடிச் சுடுது?"

"காய்ச்சல்டி."

"காய்ச்சல்னா ஒடம்பு பூராவும்ல சுடணும். இங்கன மட்டும் தனியாச் சுடுது." குனிந்து பார்த்தாள். "இதென்ன கோடு? உள்ளுக்குள்ள இன்னொரு கோடு தடம் தெரியுது. அதுக்குள்ள இன்னொண்ணு. ஏக்கா, கோட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கீகளா?"

மார்க்கர் மை லேசில் போகாது. எண்ணெய் போட்டுத் தேய்த்தும் பழைய கோடுகள் ஊதாத் தடமாகத் தங்கிவிட்டன. நான் அழ ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அம்மாவுக்கே தெரியாததை அவள் நின்றபடி கேட்டுக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பேச்சி. ரெண்டே நாள். கோட்டைத் தாண்டலைல?"

"கோட்டை விடுங்கக்கா. கோட்டுக்கு வெளியிலயும் சுடுது." மறுபடி புறங்கையை வைத்துக் காட்டினாள். "எங்க ஷெட்டுல மருந்துத் தட்டுல ஈரம் பட்டுட்டா உள்ளுக்குள்ளயே வெக்கை ஏறும். வெளிய ஒண்ணும் தெரியாது. அதனால போகையில வரையில இப்பிடிப் புறங்கையை வச்சுப் பாத்துக்கிட்டே இருப்போம். லேசாச் சுட்டாப் போதும், ஏன் சுடுது, எதுக்குச் சுடுதுன்னு நின்னு யோசிக்க மாட்டோம். ஆர்டர் முடியட்டும், லோடு போகட்டும்னு எவளாவது நின்னா, அவளும் இருக்க மாட்டா, ஷெட்டும் இருக்காது. நான் பாத்திருக்கேன். கெளம்புங்க."

"தம்பி கல்யாணம்டி..."

"நீங்க இல்லாமக் கல்யாணம் எதுக்கு? கெளம்புங்கக்கா, சேலையை அங்கன போய் மாத்திக்கிரலாம்!"

கதவருகே நிலா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ! "அம்மா, நீ பொய்க் கோடு போட்டியா?" என்றாள். "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் திட்டவில்லை, என் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தாள்.

5

விருதுநகரில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா காரியாபட்டிப் பெண். என் மகளைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்.

"உள்ள சீழ் பிடிச்சிருக்கு. இன்னைக்கே எடுக்கணும். இதோட கல்யாணத்துக்குப் போனீங்கன்னா மண்டபத்துலயே விழுந்துருவீங்க. விழுந்த பிறகு தூக்கிட்டு வந்தா என்னால உத்தரவாதம் சொல்ல முடியாது."

"எடுத்துட்டு அப்பவே வேற வைக்க முடியுமா டாக்டர்?"

"இப்ப முடியாது. ஆறு மாசம் கழிச்சு, உங்களுக்கு வேணும்னா பாக்கலாம்."

உங்களுக்கு வேணும்னா. வேணுமா, வேண்டாமா என்று பதினோரு வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். நிலாதான் போன் பண்ணியிருக்கிறாள், அவளுடைய தமிழில் எல்லாவற்றையும் பச்சையாகச் சொல்லியும் இருக்கிறாள். அம்மா என் கட்டிலருகே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷமா ஏங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே செல்வி. அம்புட்டுக்கு நான் ஆகாதவளாப் போயிட்டனா?"

"நீ அழுவியேன்னுதான்மா."

"அழுதா என்ன? அழுதுட்டு ஒனக்கு ரசம் வச்சுத் தந்திருப்பேன். எட்டாத தூரத்துல கெடந்து ஒத்தையில அம்புட்டையும் அனுபவிச்சிருக்க" என்று சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, நான் பயந்துகொண்டிருந்த விஷயத்துக்கு அவளே வந்தாள். "முடிச்சு நீதான் போடுற. ஒரு பக்கம் இல்லாதவ போடலாமான்னு எவளாவது வாயத் தொறந்தான்னு வையி, நான் பாத்துக்கிறேன். தாய் இருக்கேன்ல!"

மத்தியானம் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்ததும் முதலில் வலது கையால் தொட்டுப் பார்த்தேன். கட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை! சொன்னால் நம்புவீர்களா? ஒரு வருஷமாக விலாவில் உட்கார்ந்திருந்த பாரம் போய், நெஞ்சு நிறைய மூச்சு விட முடிந்தது. மயக்க மருந்தின் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே இருந்தது. காய்ச்சலும் இறங்கியிருந்தது.

வியாழக்கிழமை சாயந்தரம் டாக்டரம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் வரிசையாக நின்ற அம்மா, நிலா, பேச்சி மூவரையும் பார்த்தார். "ரெண்டு மணி நேரம். சக்கர நாற்காலியில போயி, முடிச்சைப் போட்டுட்டு, நேரா இங்க வரணும். இடது கையைத் தூக்கவே கூடாது" என்றார். பேச்சி அந்த அறையிலேயே ஒரு குலவை போட்டாள். நர்சு ஓடிவந்து திட்டினாள்.

6

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்துக்குள் நாற்காலியில் போனேன். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகைப்பூ. விலாவிலிருந்து தொங்கும் குழாயின் நுனியில் ஒரு சின்ன டப்பா. காயத்தில் ஊறும் நீர் அதில் சேரும். அதை ஒரு மஞ்சள் பைக்குள் போட்டு நிலா தூக்கிக்கொண்டு வந்தாள். யாரோ ஒரு சித்தி அதைத் தாம்பூலப் பை என்று நினைத்துக் கையை நீட்டினாள். "இது என் அம்மாவோடது, தர மாட்டேன்" என்றாள் நிலா.

தம்பி என்னைப் பார்த்ததும் மணவறையிலிருந்து எழுந்தே விட்டான். ஐயர் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். என்னை மெதுவாக மேடை ஏற்றி, பெண்ணுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். கூட்டத்தின் கண் எல்லாம் என் இடது பக்கம்தான் என்று முதல் ஒரு நிமிஷம் எனக்குக் கூசியது. அதற்குள் கெட்டிமேளம், கெட்டிமேளம்! தம்பி தாலியைப் பெண் கழுத்தில் வைத்து முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றை என்னிடம் விட்டான்.

முடிச்சுப் போட இரண்டு கை வேண்டும். இதை ஆஸ்பத்திரியில் நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை! வலது கையில் ஒரு நுனி இருக்கிறது, மறு நுனி தொங்குகிறது, இடது கை இடுப்புக்கு மேலே வர மறுக்கிறது. அட்சதை வந்து விழுகிறது, மேளம் காதைக் கிழிக்கிறது. தம்பி திரும்பிப் பார்த்து, "அக்கா?" என்கிறான். நிலா ஒரு கையில் பையோடு தவிக்கிறாள்.

பேச்சி மேடைக்குக் கீழே முதல் படியில் நின்றிருந்தாள். மேடையில் யார் ஏறலாம், யார் கீழே நிற்கலாம் என்பதற்கு எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம் உண்டு. அச்சகத்தில் வேலை பார்ப்பவர்களும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்களும் பந்தியில் உட்காருவார்கள், மேடை ஏற மாட்டார்கள். பேச்சிக்கும் அது தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"என்னடி வேடிக்கை? ஏறுடி பேச்சி!" என்று அம்மா கத்தினாள். மேளத்தையும் மீறி மண்டபம் முழுக்கக் கேட்டது.

பேச்சி ஒரே தாவில் ஏறினாள். என் இடது முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து, பூவைத் தாங்குகிற மாதிரி, வலிக்காமல் மேலே ஏந்தினாள். "போடுங்கக்கா" என்றாள் காதோரம். இரண்டாவது முடிச்சைப் போட்டேன். மூன்றாவதையும் போட்டேன். கூட்டத்தில் யாரோ குலவை போட, பேச்சியும் கையை எடுக்காமலே சேர்ந்து போட்டாள். அம்மாடியோ, என்ன சந்தோஷம் அது! என் கல்யாணத்தில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

படம் எடுத்தது அந்த நேரத்தில்தான்.

7

ஜெர்மனிக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. காயம் ஆறிவிட்டது. இன்சூரன்ஸ்காரர்கள் மறுபடி கடிதம் போட்டிருக்கிறார்கள்: எங்களுக்கு முன்தகவல் இல்லாமல் அதை ஏன் வெளிநாட்டில் எடுத்தீர்கள்? எடுக்கப்பட்ட பொருள் தற்போது எங்கே இருக்கிறது? டாக்டரம்மாவின் அறிக்கையை மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, ஃபாக்ஸ் அனுப்பியிருக்கிறேன். கடிதத்தோடு வந்த படிவத்தில், ஆறு மாதத்தில் மீண்டும் வைத்துக்கொள்ள விருப்பமா என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் விட்டேன்.

விட்டதற்குக் காரணம், எனக்கே முடிவு தெரியவில்லை. சட்டை போட்டுக்கொண்டு நிம்மதியாகத்தான் வேலைக்குப் போய்வருகிறேன். ஆனால் இன்று காலை புரூஃப் இரண்டைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது, அதை மறைப்பானேன்? 'யாருக்குத் தெரியப்போகிறது, இதையே அடிக்கச் சொல்லிவிடு' என்று மனசு சொன்னது. 'சரி' என்று டைப் பண்ணியும் விட்டேன். அனுப்புவதற்கு முன் அச்சகக்காரர் மகள் என்ற பழக்கத்தில் படத்தைப் பெரிதாக்கி, மூலைக்கு மூலை பார்த்தேன்.

பேச்சியின் கை இல்லை.

புரூஃப் ஒன்றில் என் முழங்கையின் அடியில் அவள் கை இருக்கிறது. வளையல் இல்லாத கை, நகமெல்லாம் வெள்ளி. புரூஃப் இரண்டில் அந்த இடத்தில் என் சேலையின் ஜரிகை ஓடுகிறது. என் கை தானாகவே அந்தரத்தில் தூக்கி நிற்கிறது!

கதிரேசனைக் கூப்பிட்டேன். "ஏலே, பேச்சி கையை எங்கலே?"

"அதுவாக்கா... குறுக்கே ஒரு கை மட்டும் தனியாத் தெரியுது, நல்லாயில்லன்னு ரேவதி எடுத்துட்டா. நானும் சரின்னுட்டேன். ஒனக்காகத்தான்க்கா அந்தப் பக்கமும் சரிபண்ணச் சொன்னேன். ஐயாயிரம் காப்பி அடிக்கிறோம். ஊரு பூராவும் தொங்கும். நாளைக்கு நீ வருத்தப்படக் கூடாதுல்ல?"

"அந்தக் கை இல்லைன்னா ஒன் பொண்டாட்டி கழுத்துல ஒத்த முடிச்சுதான்டா இருந்திருக்கும்."

"ஆமாக்கா" என்றான்.

இருந்தாலும் அவளைக் கேட்காமல் அவள் கையைப் போடலாமா? பேச்சிக்குப் போன் அடித்தேன். தீபாவளி லோடு முடிந்து வீட்டில்தான் இருந்தாள். படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டு அவள் ஒரேயடியாகக் கூச்சப்பட்டாள்.

"அய்ய, என்னக்கா கை இது, கரிச்சட்டி மாதிரி! அன்னைக்கு எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சும் நகத்துல மருந்து போகவே இல்ல. காலண்டர்ல போடுறதுன்னா ரேவதிகிட்டச் சொல்லி நகத்தை மட்டும் சுத்தம் பண்ணச் சொல்லுங்கக்கா."

"ஒன் நகத்தைச் சுத்தம் பண்ணுனா, அப்பிடியே என் பக்கத்தையும் ரொப்பச் சொல்லிருவேன். சம்மதமா?"

அதற்கு அவள் சிரித்தாள் பாருங்கள், ஆமத்தூரிலிருந்து இங்கே வரைக்கும் என் சமையலறை அதிர்ந்தது.

"அப்ப ரெண்டும் கெடக்கட்டும்க்கா! பாக்கிறவன் பாத்துக்கிட்டுப் போறான். ஆனா எனக்கு ரெண்டு காலண்டர் வேணும். ஒண்ணு வீட்டுக்கு. இன்னொண்ணு கம்பெனியில எல்லாரும் சாப்பிடுற எடத்துல மாட்டணும். நான் மேடை ஏறுனேன்னு சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டேங்கிறா."

அப்பா புரூஃப் பார்த்து முடித்தால் ஓரத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார். நான் இரண்டு படங்களையும் வீட்டு பிரிண்டரில் எடுத்தேன். புரூஃப் இரண்டின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தேன். இன்சூரன்ஸ் படிவத்தைத் தேடி எடுத்து, நிரப்பாமல் விட்டிருந்த கட்டத்தில் 'வேண்டாம்' என்று குறித்தேன். பிறகு புரூஃப் ஒன்றின் ஓரத்தில், அந்த நான்கு குறிகளும் வெட்டுப்படாமல் முழுசாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, 'அச்சிடலாம்' என்று எழுதி, செல்வராணி என்று கையெழுத்துப் போட்டு, அதைப் போனில் படம் பிடித்துச் சிவகாசிக்கு அனுப்பினேன்.